மூன்று நாளுக்கு வாங்கிய பங்கு, மூன்று வருடம் கிடப்பது ஏன்?

சிவகிரியில் பஸ் ஏறி வடக்கே போனால் சுமார் 20 கிலோமீட்டரில் ராஜபாளையம். தெற்கே போனால் ஏறக்குறைய அதே தூரத்தில் புளியங்குடி. முதல் ஊர் மில்லுக்கும் சிமென்ட்டுக்கும் பேர் போனது. அடுத்த ஊர் எலுமிச்சைக்கு. பங்குச்சந்தையில் காலங்காலமாக நடக்கும் ஒரு பஞ்சாயத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு ஊர்களே போதும்.

பஞ்சாயத்து இதுதான். ஒரு பங்கை வாங்குவதா, விற்பதா என்று முடிவெடுக்க எதைப் பார்க்க வேண்டும்? விலை போகும் போக்கைச் சார்ட்டில் பார்த்தால் போதும் என்பது டெக்னிக்கல் அனாலிசிஸ். நிறுவனத்தின் வியாபாரத்தையும் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது ஃபண்டமென்டல் அனாலிசிஸ். எது சரி என்று கேட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் விடிய விடியப் பேசுவார்கள். ஆனால் சிறு முதலீட்டாளர்கள் பலர் பணத்தை விடுவது இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் இல்லை. ஒன்றை நம்பி வாங்கிவிட்டு, இன்னொன்றைச் சொல்லி வைத்திருப்பதால்.

அது எப்படி என்று பார்ப்பதற்கு முன், இரண்டையும் ஒரு முறை எளிமையாகப் புரிந்துகொள்வோம்.

புளியங்குடி சொல்லித்தரும் சார்ட்

எலுமிச்சை வாங்கி விற்கும் வியாபாரிக்கு, பழம் எந்தத் தோப்பில் காய்த்தது, அந்த மரத்துக்கு என்ன வயது என்பதெல்லாம் முக்கியம் இல்லை. அவர் பார்ப்பது இரண்டே விஷயம்தான். இன்றைக்கு என்ன ரேட்? எவ்வளவு வரத்து?

கோடையில் எலுமிச்சை விலை ஏறும், மழைக்காலத்தில் இறங்கும் என்பது அவருக்குப் பழகிய கதை. நான்கு நாளாக ரேட் ஒரே இடத்தில் நின்று, ஐந்தாம் நாள் கூட்டம் முண்டியடித்து விலை மேலே போனால், 'இனி ஏறும்' என்று கணக்குப் போடுவார். விலை ஏறியும் வாங்க ஆள் இல்லை என்றால், 'இது நிற்காது' என்று ஒதுங்கிக்கொள்வார்.

டெக்னிக்கல் அனாலிசிஸும் இதைத்தான் செய்கிறது. ரேட் என்பது பங்கின் விலை. வரத்து என்பது எத்தனை பங்குகள் கைமாறின என்ற 'வால்யூம்'. விலை இறங்கி வந்து அடிக்கடி திரும்பி ஏறும் இடம் 'சப்போர்ட்'. ஏறிப்போய் அடிக்கடி முட்டி நிற்கும் இடம் 'ரெசிஸ்டன்ஸ்'. கடந்த 200 வர்த்தக நாட்களின் சராசரி விலையைக் கோடாக வரைந்தால் அது '200 நாள் மூவிங் ஆவரேஜ்'. விலை அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் போக்கு நன்றாக இருக்கிறது என்றும், கீழே இருந்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் சார்ட் பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இன்று செல்போன் திரையில் சிவப்பும் பச்சையுமாக நிற்கும் 'கேண்டில்ஸ்டிக்' சார்ட்டின் பூர்வீகமும் விளைபொருள் சந்தைதான். ஜப்பானின் ஒசாகா நகரில் டோஜிமா என்ற இடத்தில் இருந்த அரிசிச் சந்தைக்கு 1730-ம் ஆண்டு அரசு அங்கீகாரம் கிடைத்தது. 18-ம் நூற்றாண்டில் அரிசி வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்த ஹோமா முனேஹிசா என்பவரின் பெயரோடுதான் இந்த மெழுகுவத்தி வரைபடத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி பிடித்தமாகவே இருக்கும்.

ராஜபாளையம் சொல்லித்தரும் கணக்கு

இனி வடக்கே வருவோம். ராம்கோ சிமென்ட்ஸ் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் ராஜபாளையத்தில்தான் இருக்கிறது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய இந்த நிறுவனம் முதலில் 'மெட்ராஸ் சிமென்ட்ஸ்' என்று இருந்து, 2013-ல் இன்றைய பெயருக்கு மாறியது. விருதுநகர் பக்கம் ஆர்.ஆர்.நகரில் ஆலை, அரியலூர் வட்டாரத்தில் ஆலைகள், ஆந்திராவிலும் ஆலைகள் என்று பரந்திருக்கிறது. பங்கு, தேசியச் சந்தையிலும் மும்பைச் சந்தையிலும் வர்த்தகமாகிறது. (இது உதாரணம்தான். வாங்கச் சொல்லும் பரிந்துரை இல்லை.)

இப்படி ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்க நினைப்பவர் என்னென்ன பார்க்க வேண்டும்? சிமென்ட் மூட்டை என்ன விலைக்குப் போகிறது? சூளையை எரிக்கும் நிலக்கரியும் பெட்கோக்கும் என்ன விலை? மூட்டை கனமான சரக்கு என்பதால் தூரமாகக் கொண்டுபோனால் லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். அப்படியானால் ஆலைக்குப் பக்கத்தில் வீடும் பாலமும் கட்டுகிறார்களா? புதிய ஆலைக்காக எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார்கள்? 2022-ல் உக்ரைன் போருக்குப் பிறகு எரிபொருள் விலை எகிறியபோது, மூட்டை விற்பனை நன்றாக இருந்தும் சிமென்ட் நிறுவனங்களின் லாபம் சுருங்கியது. அதை எந்தச் சார்ட்டும் காரணத்தோடு சொல்லாது. கணக்கைப் படித்தவருக்குத்தான் புரியும்.

இந்தக் கணக்கில் எல்லோரும் உச்சரிக்கும் ஒரு சொல், 'பி.இ. விகிதம்'. சிவகிரி மலையடிவாரத்தில் ஒரு தோப்பு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாச் செலவும் போக வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கையில் நிற்கும். உரிமையாளர் 12 லட்சம் கேட்டால், 12 வருட வருமானத்தை இன்றே விலையாகக் கொடுக்கிறோம். அதுதான் பி.இ. 12. அதே தோப்புக்கு 50 லட்சம் கேட்டால் பி.இ. 50. தோப்பு அருமையான தோப்புதான். ஆனால் 50 லட்சம் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. 'நல்ல கம்பெனி' என்பதும் 'நல்ல விலை' என்பதும் ஒன்று இல்லை.

தோப்பு வாங்குபவர் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் பார்ப்பார். பங்கில் அந்த வேலையைச் செய்வதுதான் ஆண்டறிக்கை. கடன் எவ்வளவு, லாபம் என்று காட்டும் பணம் உண்மையில் கைக்கு வந்ததா, நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் கிரஹாம். டேவிட் டாட் என்பவரோடு சேர்ந்து 1934-ல் அவர் எழுதிய புத்தகமும், 1949-ல் தனியாக எழுதிய புத்தகமும் இன்றைக்கும் விற்கின்றன. வாரன் பஃபெட் அவரிடம் படித்த மாணவர்.

மாமாவும் மருமகனும்

சரி, இரண்டும் புரிந்துவிட்டது. இப்போது தப்பு நடக்கும் இடத்துக்கு வருவோம்.

சிவகிரியில் ஒரு வீடு. மாமா வயல் வைத்திருப்பவர். மருமகன் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை பார்க்கும் பையன். இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பல வீடுகளில் இந்தப் பேச்சு கேட்டிருக்கும்.

"மாமா, இந்தப் பங்கு 200 ரூவா. சார்ட்டுல பிரேக்-அவுட் ஆயிருக்கு. மூணு நாள்ல 220 போகும், எடுத்துரலாம்."

மூன்று நாளில் விலை 185.

"என்ன மருமவனே, எறங்கிட்டுல்லா?"

"கரெக்‌ஷன் மாமா. திரும்பிரும்."

மூன்று மாதத்தில் 120.

"மூணு நாள்னு சொன்னியே?"

"நல்ல கம்பெனி மாமா. லாங் டேர்ம்ல வந்துரும்."

"போன மாசம் வரைக்கும் அந்தக் கம்பெனி என்ன செய்யுதுன்னே ஒனக்குத் தெரியாதே!"

மாமா கேட்ட கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. வாங்கும்போது மருமகன் வியாபாரி. ரேட் பார்த்து வாங்கினான். ரேட் அவன் நினைத்த பக்கம் போகவில்லை என்று தெரிந்ததும் அன்றைக்கே சரக்கைத் தள்ளிவிட்டு வந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், நஷ்டத்தை ஏற்க மனம் வராமல், ஒரே ராத்திரியில் தோப்புக்காரன் ஆகிவிட்டான். கிணற்றையும் பார்க்காத, பத்திரத்தையும் படிக்காத தோப்புக்காரன்!

இதே தப்பு தலைகீழாகவும் நடக்கும். மாமா நான்கு வருட ஆண்டறிக்கையைப் படித்து, பத்து வருடத்துக்கு என்று ஒரு பங்கை வாங்குகிறார். இரண்டே வாரத்தில் சந்தை இறங்குகிறது. யாரோ, "சப்போர்ட் உடைஞ்சிட்டு" என்று சொல்ல, பயந்து விற்றுவிடுகிறார். தோப்பை வாங்கிவிட்டு, அன்றைய எலுமிச்சை ரேட் இறங்கியதும் தோப்பையே விற்ற கதை.

ஒரு வங்கிப் பங்கின் கதை

இது கற்பனை வீட்டில் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்களுக்கு நடந்தது. யெஸ் பேங்க் பங்கை நினைவிருக்கிறதா?

2018 ஆகஸ்டில் அதன் விலை 404 ரூபாய் வரை போனது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 2016-17 ஆண்டறிக்கையில் ஒரு குறிப்பு இருந்தது. 2015-16-ம் ஆண்டுக்கு வங்கி காட்டிய மொத்த வாராக்கடன் சுமார் 749 கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி ஆய்வு செய்து கண்டது சுமார் 4,926 கோடி. அடுத்த ஆண்டுக்கும் இதே கதை. வங்கி காட்டியது சுமார் 2,018 கோடி, ரிசர்வ் வங்கி கணக்கில் 8,300 கோடிக்கும் மேல். பத்திரத்தில் வில்லங்கம் இருக்கிறது என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். கணக்கைப் படித்தவருக்கு மணி அடித்துவிட்டது. ஆனால் விலை அதற்குப் பிறகும் உச்சத்துக்குப் போனது. அந்த ஓராண்டில், "நீ சொன்னாய், ஆனால் ஏறிக்கொண்டே போகிறதே" என்ற கேலிப் பேச்சை அவர் கேட்டிருக்க வேண்டியிருக்கும்.

அடுத்து சார்ட்டின் மணி. வங்கியின் தலைவர் 2019 ஜனவரி 31 வரைதான் பதவியில் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்ன செய்தி வந்ததும், 2018 செப்டம்பர் 21-ம் தேதி ஒரே நாளில் பங்கு சுமார் 29 சதவீதம் விழுந்தது. விலை, 200 நாள் சராசரிக் கோட்டுக்கு வெகு கீழே போய்விட்டது. சார்ட்டை மட்டும் நம்பும் ஒழுங்கான வியாபாரி அன்றோடு வெளியே வந்திருப்பார். ஆண்டறிக்கையையே தொடாதவருக்கும் அந்த ஒரு கோடு பெரும் பணத்தைக் காப்பாற்றியிருக்கும்.

ஆனால் சார்ட் எப்போதும் ஏமாறாது என்றும் இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று, '2017-18-ம் ஆண்டுக் கணக்கில் ரிசர்வ் வங்கி வித்தியாசம் எதையும் காணவில்லை' என்று வங்கி அறிவித்ததும் பங்கு ஒரே நாளில் 30 சதவீதம் போல எகிறியது. அடுத்த சில வாரங்களும் ஏற்றம்தான். 'திரும்பிவிட்டது' என்று சார்ட் சொல்ல, நம்பி வாங்கியவர்கள் உண்டு. ஏப்ரல் கடைசியில் வங்கி காலாண்டு நஷ்டத்தை அறிவித்தது. ஏப்ரல் 30 அன்று மறுபடி சுமார் 29 சதவீத வீழ்ச்சி.

இத்தனைக்கும் பிறகு நடந்ததுதான் கவலைக்குரியது. விலை இறங்க இறங்க, அந்தப் பங்கை வைத்திருக்கும் சிறு முதலீட்டாளர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. '400 ரூபாய்ப் பங்கு 200-க்குக் கிடைக்கிறதே', '100-க்குக் கிடைக்கிறதே', '50-க்குக் கிடைக்கிறதே!' இந்த வாதம் டெக்னிக்கலும் இல்லை, ஃபண்டமென்டலும் இல்லை. சார்ட் 'விழுகிறது' என்றது. கணக்கு 'ஓட்டை' என்றது. பழைய விலையின் நினைவு மட்டும்தான் 'மலிவு' என்றது.

2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி, யெஸ் பேங்க்குக்குத் தடை விதித்தது. டெபாசிட்தாரர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை. மறுநாள் பங்கு விலை ஒரு கட்டத்தில் 6 ரூபாய்க்கும் கீழே போனது. பிறகு ஸ்டேட் பேங்க் தலைமையில் மற்ற வங்கிகள் சேர்ந்து முதலீடு செய்து அதைத் தூக்கி நிறுத்தின. மார்ச் 18-ல் தடை நீங்கியது, டெபாசிட் பணம் தப்பியது. ஆனால் பங்குதாரர்களுக்கு ஒரு நிபந்தனை வந்தது. 100 பங்குகளும் அதற்கு மேலும் வைத்திருந்தவர்கள், தங்கள் கையில் இருந்ததில் 75 சதவீதப் பங்குகளை மூன்று வருடத்துக்கு விற்க முடியாது!

மூன்று நாளுக்கு என்று வாங்கியவர்களையும் சேர்த்து அந்தப் பூட்டு பூட்டியது. 2023 மார்ச்சில்தான் திறந்தது.

கணக்கே பொய்யானால்?

'அப்படியானால் ஆண்டறிக்கை படித்தால் போதும், சார்ட் தேவையில்லை' என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை அதற்குச் சாட்சி.

ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு, கணக்கில் ஆயிரக்கணக்கான கோடி ரொக்கம், நாலு பேர் மதிக்கும் பெயர். படித்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று நிறுவனத் தலைவரே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கு மதிப்பில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது.

ஆனால் அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே சந்தைக்கு வாடை அடித்துவிட்டது. நிறுவனர் குடும்பத்துக்குச் சொந்தமான மேட்டாஸ் நிறுவனங்களைச் சத்யம் பணத்தில் வாங்கப் போவதாக டிசம்பர் 16-ல் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். டிசம்பர் 17 அன்று பங்கு சுமார் 30 சதவீதம் விழுந்தது. கணக்கு அப்போதும் 'நலம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. விலைதான் முதலில் உண்மை பேசியது.

யெஸ் பேங்க்கில் கணக்கு முந்தியது. சத்யத்தில் சார்ட் முந்தியது. எது எப்போது முந்தும் என்று யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதனால்தான் நெடுநாள் சந்தையில் தாக்குப்பிடிப்பவர்களில் பலர் இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுக்கிறார்கள். எதை வாங்குவது என்பதைக் கணக்கிடம் கேட்கிறார்கள். எப்போது வாங்குவது, எங்கே வெளியேறுவது என்பதைச் சார்ட்டிடம் கேட்கிறார்கள்.

சின்ன ஊர்களில் ஏன் இது பெரிய விஷயம்?

பங்குச்சந்தை அமைப்பான 'செபி' 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில், எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஒருவருக்கு சுமார் 2 லட்சம் ரூபாய். எல்லோருடைய நஷ்டத்தையும் சேர்த்தால் 1.8 லட்சம் கோடிக்கு மேல். நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கு மேல், நஷ்டத்துக்குப் பிறகும் தொடர்ந்து விளையாடியிருக்கிறார்கள்.

இந்த வர்த்தகர்களில் 72 சதவீதத்துக்கு மேல், நாட்டின் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். 2023-24-ல் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் கீழே. முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்கும் குறைவு. மும்பையின் கோட்டு சூட்டுக்காரர்களைப் பற்றிய புள்ளிவிவரம் இல்லை இது. சிவகிரி, சங்கரன்கோவில் மாதிரி ஊர்களில் இருந்து செல்போனில் வர்த்தகம் செய்யும் பிள்ளைகளைப் பற்றியது.

எஃப் அண்ட் ஓ வேண்டாம், ஒரே நாளில் வாங்கி விற்கும் இன்ட்ராடே பரவாயில்லை என்றால், அதிலும் 2022-23-ல் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்கிறது செபியின் இன்னோர் ஆய்வு.

சார்ட் என்ற கருவி கெட்டது என்பதற்கு இவை ஆதாரம் ஆகாது. இரண்டு மணி நேர வீடியோவில் கருவியைக் கற்றுக்கொண்டு, எங்கே நிறுத்துவது என்பதைக் கற்றுக்கொள்ளாமல் இறங்கினால் எவ்வளவு செலவாகும் என்பதற்கான ரசீது.

என்ன செய்யலாம்?

1. வாங்கும் முன் இரண்டு வரி எழுதுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். 'இதை ஏன் வாங்குகிறேன்?', 'என்ன நடந்தால் விற்பேன்?'. சார்ட் பார்த்து வாங்கினால் இரண்டாவது வரி ஒரு விலையாக இருக்க வேண்டும். '200-ல் வாங்குகிறேன், 190-க்கு வந்தால் விற்பேன்.' கணக்குப் பார்த்து வாங்கினால் அது ஒரு காரணமாக இருக்க வேண்டும். 'கடன் இரட்டிப்பானால் விற்பேன்', 'தொடர்ந்து நான்கு காலாண்டு லாபம் குறைந்தால் விற்பேன்.' விலை இறங்கிய பிறகு முதல் வரியைத் திருத்தக் கூடாது. நோட்டின் முழுப் பயனும் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது.

2. எவ்வளவு இழக்கலாம் என்பதில் இருந்து தொடங்குங்கள். சேமிப்பு ஒரு லட்சம். ஒரு வர்த்தகத்தில் அதிகபட்சம் 1,000 ரூபாய் இழக்கலாம் என்று முடிவு. 200-ல் வாங்கி 190-ல் ஸ்டாப்லாஸ் என்றால், பங்குக்கு 10 ரூபாய் நஷ்டம் வரலாம். ஆகவே 100 பங்குகள், அதாவது 20,000 ரூபாய்க்குத்தான் வாங்க வேண்டும். ஸ்டாப்லாஸும் முழுக் காவல் இல்லை. யெஸ் பேங்க் மாதிரி கெட்ட செய்தியோடு மறுநாள் சந்தை திறக்கும்போதே விலை தடாலென்று கீழே தொடங்கினால், 190-க்குப் போட்ட ஆர்டர் அதற்கும் வெகு கீழேதான் நிறைவேறும். அதனால்தான் அளவு முக்கியம்.

3. நஷ்டத்தின் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 10 சதவீதம் இறங்கினால், பழைய இடத்துக்கு வர 11 சதவீதம் போல ஏறினால் போதும். 50 சதவீதம் இறங்கினால் 100 சதவீதம் ஏற வேண்டும். 90 சதவீதம் இறங்கினால் பத்து மடங்காக வேண்டும். 'காத்திருந்தால் வந்துவிடும்' என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

4. இரண்டு வேலைக்கும் இரண்டு டீமேட் கணக்கு. ஒன்று நீண்ட கால முதலீட்டுக்கு, இன்னொன்று சார்ட் பழகுவதற்கு. இதில் உள்ள பங்கு அதற்கு 'லாங் டேர்ம்' என்று பெயர் மாறிப் போகக் கூடாது. வரிக் கணக்கும் இரண்டுக்கும் வேறு. 2024 ஜூலை 23 முதல், ஒரு வருடத்துக்குள் விற்கும் பங்குகளின் லாபத்துக்கு 20 சதவீதம் வரி. ஒரு வருடம் தாண்டினால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். தரகும் வரியும் போகத்தான் உங்கள் லாபம்.

5. டிப்ஸ் கொடுப்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர், செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவை செபியின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். 'கற்றுக்கொடுக்கிறோம்' என்று சொல்பவர்கள், கடந்த மூன்று மாத விலைகளைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்றும் செபி 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. நேற்றைய விலையைக் காட்டி 'நாளைக்கு ஏறும்' என்பவர் ஆசிரியர் இல்லை.

6. நகையை அடமானம் வைத்த பணம், பீஸ் கட்ட வைத்த பணம் சார்ட்டுக்குப் போகக் கூடாது. திருப்பிக் கொடுக்கும் தேதி உள்ள பணத்துக்குப் பொறுமை இருக்காது. பொறுமை இல்லாத பணம், இரண்டு முறையிலும் தோற்கும்.

வீட்டில் யாராவது பங்கு வைத்திருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டீமேட் ஆப்பைத் திறந்து சிவப்பில் இருக்கும் பங்குகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: 'இது கையில் இல்லாமல் இருந்தால், இன்றைய விலைக்கு இதை வாங்குவேனா?' வாங்குவேன் என்றால், காரணத்தை நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால், மறுநாள் காலை சந்தை திறக்கும் 9.15 மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.